பேரேட்டைப் புரட்டாமல் தாத்தாவைப் பற்றி எழுதலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மறைந்த தாத்தாவை நினைத்துப் பேரப்பிள்ளைகள் எழுதும் குறிப்புகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. தாத்தா வியாபாரி என்றால் அந்தக் குறிப்பில் என்ன இருக்கும் என்பதைப் படிக்காமலே சொல்லிவிடலாம். வெறுங்கையோடு தொடங்கினார், அயராது உழைத்தார், நாணயம் தவறாதவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகினார். பெயரையும் படத்தையும் மாற்றினால் அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கும் அச்சு அசலாகப் பொருந்தும். எழுதுகிறவர்களிடம் பாசத்துக்கு ஒன்றும் குறைவில்லை. பாசத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுத உட்காருவதால் வரும் கோளாறு இது. நாற்பது, ஐம்பது வருடம் தொழில் செய்த மனிதர் தான் என்ன செய்தார் என்பதை அன்றாடம் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அதற்குக் கணக்கு என்று பெயர். அதைப் புரட்டிப் பார்க்கிற பேரனோ பேத்தியோ அபூர்வம். குடும்ப வரலாறுகளைத் தொகுக்கும் வேலையில் இருப்பதால், எப்படிப் புரட்டுவது என்பதை விவரமாகவே எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

எழுத உட்காரும் முன்பே பாதி அழிந்துவிடுகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பியதும் அறையை ஒழிக்கத் தொடங்குகிறார்கள். வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், காப்பீட்டுத் தாள் எல்லாம் பத்திரமாகப் பெட்டிக்குள் போகும். அவற்றை யாரும் தொலைப்பதில்லை. சிட்டை, நாள்வழி (அன்றாட வரவு செலவை நாள் வரிசையில் எழுதும் நோட்டு), பேரேடு (அதையே ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்து எழுதும் பெரிய நோட்டு), ரொக்க ஏடு, கம்பியில் கோத்த கொள்முதல் பில், சரக்கு இருப்பு நோட்டு, சம்பளப் பதிவேடு, பாக்கிப் பட்டியல், கூட்டு வியாபார ஒப்பந்தத்தின் நகல், காலாவதியான உரிமம், லெட்டர்பேட், ரப்பர் ஸ்டாம்ப், தொலைபேசி எண்கள் குறித்த கையடக்க டைரி இவையெல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டு எடைக்குப் போகின்றன. தாத்தாவின் வாழ்க்கை இருப்பது இந்த மூட்டையில்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: வணிகக் கணக்குகளை இத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் உண்டு. அதனால் கடைசிச் சில ஆண்டுக் கணக்குகளைத் தணிக்கையாளரைக் கேட்காமல் யாரும் பிரிக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. வாரிசுகளுக்குள் பாகம் பிரியவில்லை என்றால் இன்னும் கவனம் தேவை. அசல் ஒருவரிடமே இருக்கட்டும், மற்றவர்களுக்குப் படம் போதும்.

எதையும் கையில் எடுக்கும் முன் அலமாரி இருக்கிறபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நோட்டுக்குப் பக்கத்தில் எது இருந்தது, எந்தக் கடிதம் எந்தப் பக்கத்துக்குள் செருகியிருந்தது என்பதும் செய்திதான். வராத பாக்கி இருக்கும் பக்கத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை செருகியிருந்தால், அந்தக் கடன் ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பத்திரிகைகளை ஒரு கட்டாகவும் பில்களை இன்னொரு கட்டாகவும் அழகாக அடுக்கிவைத்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். கிடைத்த கட்டை அப்படியே வைத்து, மேலே ஒரு துண்டுச்சீட்டில் எண் போட்டால் போதும்.

அடுத்து, காகிதத்தின் எதிரிகளை நீக்க வேண்டும். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, ஜெம் கிளிப் எல்லாம் துருவேறித் தாளைத் துளைக்கும். பிடுங்கி இழுத்தால் தாளும் சேர்ந்து கிழியும். பின்பக்கம் மடித்த கால்களை மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்திவிட்டு எடுக்க வேண்டும். ரப்பர் பேண்டு இளகித் தாளோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். காய்ந்த துண்டுகளை மட்டும் தட்டி நீக்குங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் ஊறிவிடும், பிறகு எடுக்கவும் முடியாது. லேமினேட் செய்வது அதைவிட மோசம். சூடும் பிளாஸ்டிக்கும் காகிதத்தோடு ஒன்றிவிட்டால் திரும்ப வழியில்லை. இரும்பு உப்பு கலந்த பழைய மையில் எழுதிய பக்கங்கள் எழுத்து இருக்கும் இடத்திலேயே பொடிந்து உதிரும், அவற்றை மடிக்காமல் படுக்கையாக வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் பிடித்தது ஈரமும் இருட்டும். தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ பெட்டியை வைக்காமல், காற்றோட்டமான அறையில் தரைக்கு ஒரு சாண் மேலே வைத்தால் பெரும்பாலும் தப்பும். தண்ணீரில் நனைந்த நோட்டு என்றால் 48 மணி நேரத்துக்குள் காயவைக்க வேண்டும், தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அதற்குள் முடியாத அளவுக்குக் குவிந்திருந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். வெயிலில் நேராகப் போடாதீர்கள், தாள் சுருண்டு மை வெளிறும்.

படியெடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எழுத்துத் தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, புகைப்படத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும். நெகட்டிவ் என்றால் 2400 புள்ளிக்குக் குறையாமல். கோப்பு சிறியதாகும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது பெரிய பிழை. பென்சில் குறி, சிவப்பு மையில் அடித்த கோடு, ஓரத்தில் நீல மையில் பிறகு சேர்த்த வரி எல்லாம் ஒரே சாம்பல் ஆகிவிடும். கணக்கில் நிறத்துக்குப் பொருள் உண்டு. கைபேசியில் எடுப்பதானால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நோட்டை வைத்து, கைபேசியைப் பக்கத்துக்கு இணையாகப் பிடியுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறோம். கடைச் சுருளில் அச்சாகும் வெப்பத்தாள் ரசீதுகள் சில ஆண்டுகளிலேயே வெளுத்துப்போகும், முதலில் அவற்றைத்தான் எடுக்க வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில் வரட்டும்: 1974-03-பேரேடு-012 என்பதுபோல. அப்போதுதான் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

இனி, படிப்பது. பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் பத்தாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாளை மட்டும் எடுங்கள். கணக்கு முடிக்கும் நாளின் ஐந்தொகை (அன்றைய நிலவரத்தின் சுருக்கக் கணக்கு) கிடைத்தால் அதுவே சிறந்தது: இருப்புச் சரக்கு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு. இந்த நான்கு எண்ணையும் வருடவாரியாக ஒரு தாளில் எழுதினால், எந்த வருடம் ஏறினார், எந்த வருடம் இறங்கினார் என்பது பத்து நிமிடத்தில் தெரியும். சட்டென்று எகிறிய வருடத்துக்கும் சரிந்த வருடத்துக்கும் மட்டும் நாள்வழிக்குப் போனால் போதும்.

எண்களை விடக் கையெழுத்து அதிகம் பேசும். ஒரே கையெழுத்து ஓடிவந்து ஓரிடத்தில் இன்னொரு கை தொடங்கினால், அந்த நாளில் ஏதோ நடந்திருக்கிறது. புதிய கணக்குப்பிள்ளை வந்திருக்கலாம், மூத்த மகனை உட்காரவைத்திருக்கலாம், தாத்தா படுக்கையில் இருந்திருக்கலாம். மூன்று வாரம் கழித்துப் பழைய கை திரும்பி வந்து, முன்பைவிட நடுக்கத்தோடு எழுதியிருந்தால் உடல்நலக் குறைவு என்பது ஏறக்குறைய உறுதி, வீட்டிலிருப்பவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்தலாம். வெற்றுப் பக்கத்துக்கும் இதுதான் காரணம். தினமும் எழுதும் மனிதர் எழுதாமல் விட்ட நாட்கள் அவர் வாழ்க்கையின் பெரிய நாட்கள்: ஒரு சாவு, ஒரு பிறப்பு, ஒரு வெள்ளம், ஒரு கடையடைப்பு. திருத்தல்களையும் பாருங்கள். பாக்கிக்குக் குறுக்கே கோடு இழுத்து வராக்கடனில் தள்ளியிருந்தால், அந்தக் கோடு எந்த ஆண்டில் இழுக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடன் பட்ட ஆண்டுக்கும் தள்ளுபடி செய்த ஆண்டுக்கும் இடையில் எத்தனை வருடம் பொறுத்திருந்தார் என்பது அவருடைய குணம். ‘இரக்க குணம் உள்ளவர்’ என்று எழுதுவதற்குப் பதில் ‘ஒன்பது ஆண்டு காத்திருந்து பதினோரு பேரின் பாக்கியை ஒரே நாளில் தள்ளுபடி செய்தார்’ என்று எழுத முடியும் என்றால் எது நிற்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் எழுதிய மிகப் பழைய கணக்கு என்றால் சில தடைகள் உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ணை, லை, னை போன்றவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும். எண்களும் ௰, ௱, ௲ சேர்த்து எழுதியிருக்கலாம். ௨௲௩௱௪௰௫ என்றால் 2345. வரவு ௷, பற்று ௶, மேற்படி ௸, நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵ என்று குறிகள் வரும். பின்னங்களில் கால், அரைக்கால், வீசம், மா, காணி என்று இறங்கிப் போகும்: வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றைப் பத்து வரிக்கு ஒரு தாளில் எழுதிப் பழகினால் கை வந்துவிடும். பெரும்பாலும் சறுக்குவது ஆண்டில். வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ‘சித்திரபானு’ என்று மட்டும் இருந்தால் அது 1942-லும் தொடங்கியிருக்கலாம், 2002-லும் தொடங்கியிருக்கலாம். நோட்டின் காகிதத்தையும் சரக்கு விலையையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதோடு, தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால் தையும் மாசியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். இதைக் கவனிக்காமல் விட்டுத்தான் பல குடும்பங்களில் கடை தொடங்கிய ஆண்டு ஒன்று தள்ளி எழுதப்பட்டிருக்கிறது.

‘வெறுங்கையோடு தொடங்கினார்’ என்ற வாசகத்துக்கு வருவோம். வெறுங்கையோடு யாரும் கடை திறக்க முடியாது. முதல் சரக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. பேரேட்டில் முதல் பக்கம், முதல் கணக்கு என்ன என்று பாருங்கள். முதலீடு என்ற தலைப்பில் யார் பெயரில் வரவு வைத்திருக்கிறார், யாருக்கு வட்டி போயிருக்கிறது, எந்த மாதம் நகை மீட்கப்பட்டிருக்கிறது? பல இடங்களில் அங்கே இருப்பது பாட்டியின் நகை. சில இடங்களில் மைத்துனரின் கைமாற்று, பழைய முதலாளி கடனாகக் கொடுத்த சரக்கு, கூட்டாளியின் பாதிப் பங்கு. கூட்டாளி பிற்காலத்தில் பிரிந்துபோனதால் குடும்பக் கதையிலிருந்தே பெயர் நீங்கியிருக்கும், ஒப்பந்தப் பத்திரத்தில் மட்டும் லாப விகிதத்தோடு உயிரோடு இருப்பார். பாட்டிக்கும் இதே கதிதான். கடையில் சம்பளம் வாங்கியவர்களின் பெயர்கள் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். கடைப் பையன்களுக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டவர், மூட்டை பிரித்துப் பொட்டலம் கட்டியவர், இரவில் சில்லறை எண்ணியவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது. ஆகவே அவரிடம் கேட்டு எழுத வேண்டும். கேட்கும் காலம் இருக்கும்போதே.

அடுத்து, ‘நாணயம்’. வியாபாரத்தில் நாணயத்துக்கு அளவு உண்டு, நாட்களால் அளக்கலாம். கொள்முதல் கணக்கில் சரக்கு வந்த தேதியையும் பணம் கட்டிய தேதியையும் பாருங்கள். சரக்குக் கொடுத்தவர் 15 நாளில் பணம் கேட்கிறார், சரக்கு விற்க 30 நாள் ஆகிறது, வாங்கியவர் பாக்கியைக் கட்ட 45 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-ம் 45-ம் 75, அதில் 15 போக 60 நாளுக்குத் தாத்தாவின் பணம் வெளியே நிற்கிறது. வாங்கிய விலைப்படி நாளொன்றுக்கு 100 மதிப்புள்ள சரக்கு போகும் கடை என்றால் 6000 எப்போதும் முடங்கிக் கிடக்கும். பத்து வருடம் கழித்து, சரக்குக் கொடுத்த அதே ஆள் 45 நாள் தவணை கொடுக்கத் தொடங்கியிருந்தால், இடைவெளி 30 நாளாகச் சுருங்கி, முடங்கும் பணம் 3000 ஆகிவிடும். அந்த 3000-த்தை அவருக்குக் கொடுத்தது வங்கி அல்ல, பத்து வருடம் சொன்ன நாளில் பணம் போய்ச் சேர்ந்ததுதான். நாணயமானவர் என்று சொல்ல விரும்பும் பேரன் இந்தத் தவணை எந்த ஆண்டில் 15-லிருந்து 45 ஆனது என்று கண்டுபிடித்து எழுதினால் போதும்.

‘குறைந்த லாபத்துக்கு விற்றார்’ என்பதும் இப்படித்தான். அதைத் தருமம் என்று எழுதிவிடுகிறார்கள். நூற்றுக்கு 5 லாபம் வைத்து, சரக்கு ஆண்டில் 12 முறை புரண்டால் (விற்றுத் தீர்ந்து மறுபடி வாங்கப்பட்டால்), செலவு போகும் முன், போட்ட நூறுக்கு 60 கிடைக்கும். நூற்றுக்கு 20 வைத்து 2 முறை மட்டுமே புரண்டால் 40-தான். தாத்தா தருமவானாகவும் இருந்திருக்கலாம், கணக்குத் தெரிந்தவராகவும் இருந்திருக்கலாம். பெரும்பாலும் இரண்டும். ஆண்டு விற்பனையின் கொள்முதல் விலையைச் சராசரி இருப்பால் வகுத்தால் எத்தனை முறை புரண்டது என்று வந்துவிடும். பழைய தொகைகளை ‘இன்றைய மதிப்பில்’ மாற்றி எழுதும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். இடையில் நாணயமே மாறியிருக்கும், எந்த விலையை வைத்து மாற்றுவது என்பதிலேயே பத்து மடங்கு வித்தியாசம் வரும். அதே பதிவேட்டில் உள்ள கடைப் பையனின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். ‘முதல் தராசு வாங்க ஆன செலவு நாலு மாதச் சம்பளம்’ என்றால் எந்தத் தலைமுறைக்கும் புரியும்.

கணக்கு சொல்லாததை மனிதர்கள் சொல்வார்கள், கேட்கிற விதமாகக் கேட்டால். ‘தாத்தா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்றுதான் பதில் வரும். அவர்கள் மேல் குற்றமில்லை, கேள்வி அப்படி. ‘காலையில் சாவி யார் கையில் இருக்கும்? ஷட்டரைத் தூக்கியதும் முதலில் என்ன செய்வார்? கல்லாவுக்கு எந்தப் பக்கம் உட்காருவார், அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும்? கடன் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வார்? சரக்கு கெட்டு வந்தால் யாருக்குத் திட்டு விழும்?’ இப்படிக் கேட்க வேண்டும். வெறும் கையோடு போகாமல் பேரேட்டுப் பக்கத்தின் படத்தையோ பழைய எடைக்கல்லையோ எடுத்துப் போங்கள். கையில் ஒரு பொருள் இருந்தால் நினைவு வேகமாகத் திரும்பும். வயதில் மூத்தவரை முதலில் பாருங்கள், அப்பாவையும் அத்தையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களே அதிகம் சொல்வார்கள்: பழைய வேலையாள், வண்டி ஓட்டியவர், எதிர்க்கடைக்காரர். போட்டிக் கடைக்காரர் சொல்லும் பாராட்டு ஒன்று, உறவுக்காரர் சொல்லும் பத்துக்குச் சமம்.

பதிவு செய்வதானால் மின்விசிறியை நிறுத்துங்கள், கருவியைப் பேசுகிறவரிடமிருந்து ஒரு முழ தூரத்துக்குள் வையுங்கள், ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்த பிறகு தொடங்குங்கள். ஒரு அமர்வு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி. அதற்கு மேல் பெரியவர்கள் களைத்துப்போய் ‘ஆமாம் ஆமாம்’ என்று நீங்கள் சொல்வதையே திருப்பிச் சொல்லத் தொடங்குவார்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். இது தெரியாமல் இருபது மணி நேரம் பதிந்துவிட்டு எதையும் எழுதாமல் விட்ட குடும்பங்கள் நிறைய. தாத்தாவின் குரலே பழைய கேசட்டில் இருந்தால், முதலில் அதன் மேல்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிவாகாது. நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றிவிட்டு, முதல்முறை ஓட விடும்போதே கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள், இரண்டாம் முறை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அவருடைய கைபேசி எண்ணை ரத்து செய்ய அவசரப்பட வேண்டாம். வாட்ஸ்அப் குரல் செய்திகளை வெளியே எடுத்துவைக்கும் வரையிலும், அந்த எண்ணுக்கு ஓடிபி வரும் கணக்குகளை முடிக்கும் வரையிலும் சிம் உயிரோடு இருக்கட்டும்.

தேதிகள் இரண்டு இடங்களில் ஒத்துவரும் வரை நம்பாதீர்கள். உரிமத்தில் இருக்கும் தேதி பதிவு செய்த தேதி, கடை அதற்குப் பல மாதம் முன்பே நடந்துகொண்டிருக்கும். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி சேர்க்கைக்காகச் சொன்னதாக இருக்கலாம். வயதில் வரும் குழப்பம் எளிது: 1938 நவம்பரில் பிறந்து 2014 மார்ச்சில் மறைந்தவருக்கு நிறைந்த வயது 75, நடந்த வயது 76. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு எல்லா இடத்திலும் அதையே போட வேண்டும்.

குறைகளை எழுதலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நொடித்துப்போன வருடத்தை எழுதுங்கள். அதை மறைத்தால் மீண்டு வந்ததும் மறைந்துபோகும். அவர் கோபக்காரர் என்றால் எந்த விஷயத்துக்குக் கோபம் வரும் என்று எழுதுங்கள். ஆனால் கடன் வாங்கியவர்களின் பெயர்களை எழுதாதீர்கள், அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பாகப்பிரிவினைச் சண்டையில் ஒரு தரப்பின் கதையை மட்டும் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அதைப் ‘பொதுவான நினைவு மலர்’ என்று சொல்வதும் நியாயமில்லை. அச்சுக்குப் போகும் முன் தாத்தாவின் பிள்ளைகள் அனைவரும் ஒருமுறை படிக்கட்டும், திருத்தச் சொல்லும் தேதிகளும் பெயர்களும் திருத்தப்படட்டும். அபிப்பிராயங்களைத் திருத்தச் சொன்னால் எழுதியவர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எழுதும்போது பிறப்பில் தொடங்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஒரு சாதாரண வேலை நாளில் தொடங்குங்கள். ஷட்டர் தூக்கியதிலிருந்து கல்லாவை எண்ணி முடிக்கும் வரை ஒரு நாள். அதற்குள்ளேயே தொழில் என்ன, கூட யார் இருந்தார்கள், எதற்குப் பயந்தார் என்பதெல்லாம் வந்துவிடும். அவர் அடிக்கடி சொன்ன வாசகம் இருந்தால் அவர் பேச்சு வழக்கிலேயே போடுங்கள், எழுத்துத் தமிழாக்கிவிட்டால் அது வேறு யாரோ சொன்னதாகிவிடும். எழுதி முடித்ததும் ‘அயராத’, ‘ஈடு இணையற்ற’, ‘பண்பாளர்’ போன்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பேரேட்டிலிருந்தோ பேச்சிலிருந்தோ ஒரு சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சான்றை வைத்துக்கொண்டு சொல்லை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் சொல்லை மட்டும் எடுத்துவிடலாம்.

நாளிதழுக்கு அனுப்பும் படம் பற்றிச் சுருக்கமாக. அச்சில் 5 சென்டிமீட்டர் அகலம் வரும் படத்துக்குக் குறைந்தது 600 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படமே இல்லை என்று சொல்கிறவர்கள், கடைப் படங்களில் ஓரத்தில் தாத்தா நிற்கிறாரா என்று இன்னொரு முறை தேடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள். பின்புறம் பெயர் எழுதினால் பால்பாயிண்ட் பேனா கூடாது, மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். அறிவிப்பில் முழுப் பிறந்த தேதி, வீட்டு முகவரி, எல்லோரும் வெளியே இருக்கப்போகும் நேரம் மூன்றையும் ஒன்றாக அச்சிடுவது திருடனுக்கு எழுதும் அழைப்பிதழ். முகவரிக்குப் பதில் ஒரு தொலைபேசி எண் போதும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நினைவு அறிவிப்புக்காகக் கொடுக்கும் படிவத்தில் பெயர், தோற்றம், மறைவு, ‘இப்படிக்கு’ ஆகிய இடங்களோடு ‘செய்த தொழில், செய்த இடம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, கூடப் பணியாற்றியவர்கள்’ என்று இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். மகள்களின் பெயரும் மருமகள்களின் பெயரும் முழுதாக வரும் அளவுக்கு இடம் இருக்கட்டும். ‘மற்றும் குடும்பத்தினர்’ என்ற சொல்லுக்குள் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள்.

தொகுத்து முடித்தவர்கள் மூன்று பிரதி வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரிலிருக்கும் உறவினரிடம். பென் டிரைவில் மட்டும் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுங்கள். எழுதிய நினைவுக் குறிப்பைத் தாளில் அச்சிட்டு, ஒரு பிரதியைப் பேரேட்டின் முதல் பக்கத்துக்குள் வைத்துவிட்டால், அந்த நோட்டை அடுத்து எடுக்கிறவர் அதை எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம் நிற்பார்.

இப்படிக்கு,
குடும்ப வரலாறு தொகுக்கும் வாசகர்கள் சிலர்